பிளக்ஸில் ஏறிய முல்லைக்கொடி

1

அன்று அந்த பிளக்ஸுக்குக் கீழே யார் யார் நின்றார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவரை விட்டாலும் அதற்கு ஒரு மனவருத்தம் வரும். இருக்கிற மனவருத்தமே எனக்குப் போதும்.

என் அண்ணன் ஏகாம்பரம், புது வேட்டியில். அண்ணி கோமதி, கையில் ஆரத்தித் தட்டு. அண்ணியின் தம்பி கஜேந்திரன். திருவிழா வந்தால் எங்கள் தெருவில் அன்னதானம் போடும் பொறுப்பு அவனுடையது. மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் வித்யா, கரூர்ப் பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நாள் என்பதால் காதில் மாட்டிய ஒயரோடு இறங்கி வந்திருந்தது. பிளக்ஸ் கடை பாபு, மீதிப் பணம் வாங்கிப்போக. அப்புறம் விமான நிலையத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி செல்வி, மகள் முல்லை. மொத்தம் எட்டுப் பேர். கார் டிக்கி திறந்தே கிடந்தது. பெட்டியை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேலே முல்லையின் முகம். முகம் மட்டுமே ஓர் ஆள் உயரம். பின்னால் நீல வானம், மேகம், மூலையில் ஒரு கோபுரம். ‘அயர்லாந்து மண்ணில் நம்ம ஊர் ஈசன் புகழ் பாடிய எங்கள் குலக்கொழுந்தே, வருக! வருக!’ என்று மஞ்சள் எழுத்து. அதற்குக் கீழே சின்னதாக முல்லையின் கவிதை. அதற்கும் கீழே வட்டம் வட்டமாகக் குடும்பத்தார் முகங்கள். என் வட்டத்தில் கல்யாண சமயத்தில் எடுத்த படம், அடர்ந்த மீசையோடு.

“அப்பா, நான் ஏன் இவ்வளவு பெருசா இருக்கேன்?” என்றாள் முல்லை.

“பெரிப்பாக்கு அப்டித்தான் தெரியறே” என்றார் அண்ணி, ஆரத்தியைச் சுற்றிக்கொண்டே.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மஞ்சள் எழுத்தை நான் இரண்டு தடவை படித்தேன். அன்று காலைதான் விமான நிலையத்தில் நானும் செல்வியும் ஒரு வரிசையிலும் முல்லை வெளிநாட்டுக்காரர்கள் வரிசையிலும் நின்றோம். அவள் அங்கே பிறந்தவள், பாஸ்போர்ட்டும் அந்த நாட்டுடையது. சொந்த ஊருக்கு வர அவளுக்கு ஒரு அட்டை வேண்டும். அந்த அட்டைக்காக எத்தனை படிவம், எத்தனை போட்டோ! போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். அதிகாரி அவளை இங்கிலீஷில் ஏதோ கேட்பதும், அவள் பதில் சொல்வதும் தூரத்தில் தெரிந்தது. என்ன கேட்டாரோ, எங்கே நிறுத்திவிடுவார்களோ என்று எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் கேட்டேன். “எதுக்கு வந்தேன்னு கேட்டார். பெரியப்பாவைப் பார்க்கன்னு சொன்னேன்” என்றாள்.

இந்தப் பிள்ளைக்கு ஊர் என்று ஒன்று இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் பத்துப் பதினைந்து வருடமாக என் கவலை. அப்படிப்பட்டவளின் முகம் எங்கள் தெருமுனையில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பெட்டி இறங்கும் வரைக்கும்கூட நீடிக்கவில்லை.

2

திருமுல்லைவாயில் தெரியாதவர்களுக்கு: அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா காலத்தில் நிலம் இருந்தது. பிறகு அது பிளாட்டாகி, பிளாட் வீடாகி, இப்போது எங்களுக்கு மிஞ்சியது வீடும் அதை ஒட்டின ஷெட்டும். அந்த ஷெட்டில் அண்ணன் தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறார். நான் ஒன்பதாவதோடு நின்று அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போனவன். செல்வி நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. அவளைச் சார்ந்து வாழ்பவன் என்று படிவத்தில் எழுதி என்னையும் அனுப்பினார்கள். மெட்ராஸுக்கு மேற்கே இருந்து கிளம்பி டப்ளினுக்கு மேற்கே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற இடத்தில் வேலை. ரத்தம் பட்ட படுக்கை விரிப்பைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் போட வேண்டும். சுடுதண்ணீரில் போட்டால் கறை அப்படியே உட்கார்ந்துவிடும். இதுதான் அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது. இங்கிலீஷ் கடைசி வரைக்கும் சரியாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணனுக்குப் போன். சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கார் நிறுத்துமிடத்தையும் தூறலையும் பார்த்தபடி நின்று பேசுவேன். குமணன்சாவடியில் பாலம் வேலை எதுவரைக்கும் வந்தது, கோவில்பதாகையில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது, மழைக்கு ஷெட் ஒழுகுகிறதா, எல்லாம் கேட்பேன். பின்னால் மேஜையில் முல்லை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். ஏதாவது கேட்டால், “இரும்மா, பெரியப்பா லைன்ல இருக்கார்” என்று திரும்பாமலே கையைக் காட்டுவேன்.

அவள் பெயர் பள்ளிக்கூடத்தில் மோலி என்று ஆகிவிட்டது. டீச்சர் கூப்பிட வசதியாக இருக்கிறதாம். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் சின்ன வயதில் அவள் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கதையைச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. சண்டைக்குப் போன ராஜா. அவன் யானையின் காலைச் சுற்றிக்கொண்ட முல்லைக்கொடி. ராஜா வாளை எடுத்துக் கொடியை வெட்டுகிறான், ரத்தம் பீறிடுகிறது. கொடிக்குள் சாமி! ராஜா பதறி அழ, சாமி அவனை மன்னித்து, துணைக்கு நந்தியை அனுப்புகிறார். அதனால்தான் எங்கள் ஊர் நந்தி மட்டும் சாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. சாமியின் காயத்துக்கு வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரையில் ஒரு நாள் அதைக் களைந்து புதுச் சந்தனம் வைப்பார்கள்.

நான் சொன்னது அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

3

பள்ளிக்கூடத்தில், அவரவர் ஊர்ப் பழங்கதை ஒன்றை எடுத்து இன்றைக்கு யாரோ சொல்வதுபோலக் கவிதையாக எழுதுங்கள் என்றார்களாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்னப்பறவையாக மாறின குழந்தைகள், கடலில் மறைந்த தீவு என்று எழுத, முல்லை இதை எழுதினாள். ஊர் நூலகத்தில் நாற்காலி போட்டு வாசிக்கவைத்தார்கள். நானும் போனேன். ராஜா, யானை, வாள் என்று தெரிந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் நூலகத்து அம்மாள் என் கையைப் பிடித்துக் கண் கலங்க ஏதோ நீளமாகச் சொன்னார். ‘உங்களுக்கும் அப்படியே ஆகட்டும்’ என்று இங்கிலீஷில் சொல்லி வைத்தேன். செல்வி இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாள்.

பெருமை தாங்காமல் அண்ணனிடம் சொன்னேன்.

“நம்ம ஊர் சாமி மேல பாட்டா? அத்த அப்டியே தமிழ்ல எழுதி அனுப்புடா. சந்தனம் மாத்தற அன்னிக்கு நீங்க வரீங்க இல்ல, பேனர் வெச்சிடலாம். காது குத்துக்கு வைக்கறான், கடா வெட்டுக்கு வைக்கறான், என் தம்பி பொண்ணுக்கு வைக்கக் கூடாதா?”

அண்ணன் பாட்டு என்றார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் அப்போது வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் கவிதையை நானும் முல்லையும் சேர்ந்து தமிழில் எழுதினோம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவள் ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொல்ல, நான் எழுத, “அது இல்லப்பா, இன்னும் சின்ன வார்த்தை” என்று அவள் திருத்த, மதியம் முழுக்க ஓடிவிட்டது. என் மகள் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஒரே பயம்தான்: எங்கே எந்த ‘ற’ போடுவது என்று. அண்ணன் பேனரில் பிழை இருந்தால் ஊர் சிரிக்கும். எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், எழுதினது என்ன என்று நான் பார்க்கவே இல்லை. இதுதான் எழுதினோம்:

ராஜா போனான்.
யானை போனது.
வெட்டுப்பட்டது நான்.
ரத்தம் வந்தது அவருக்கு.

அவர் காயத்துக்குச் சந்தனம்.
என் காயத்துக்கு
ஊருக்கே என் பெயர்.

வாசலில் ஒரு காளை.
வீட்டுக்கு முதுகைக் காட்டித்
தூரத்தையே பார்க்கிறது.
காவல் என்கிறார்கள்.

யாராவது அதைக் கேளுங்கள்:
பின்னால் நான் இருப்பது
தெரியுமா என்று.

4

பிளக்ஸ் இரண்டு நாளாக அங்கே இருந்திருக்கிறது. யாரும் படிக்கவில்லை. பிளக்ஸை யார் படிக்கிறார்கள்? முகத்தைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், நம் முகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படியே போயிருந்தால் நன்றாகவே போயிருக்கும். வித்யாதான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தது. படித்து முடித்துக் காதிலிருந்த ஒயரைக் கழற்றியது. பிறகு முல்லையைப் பார்த்து, “ரொம்ப நல்லாருக்குது கண்ணு. நீயா எழுதுன?” என்றது.

“எங்க புள்ளதாம்மா! சாமி மேல பாட்டு” என்றார் அண்ணன்.

“சாமி மேலயாங்க? இது கொடி பேசுற மாதிரியில்ல இருக்குது.”

“இன்னா கொடி? கட்சிக் கொடியா?” என்று கஜேந்திரன் திரும்பினான்.

“முல்லைக்கொடிங்க. வெட்டு வாங்குனது கொடிதானே? நாம எல்லாரும் சாமி காயத்துக்குச் சந்தனம் வைக்கறோம், கொடியை யாருமே கேட்கலைன்னு சொல்லுறா. அப்புறம் அந்தக் காளை பாருங்க...”

“நந்தி. நந்தின்னு சொல்லும்மா.”

“நந்திதானுங்க. காவலுக்குன்னு சொல்லிட்டு வீட்டுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கறது. எல்லா வீட்லயும் ஒருத்தர் இருப்பாங்கல்ல?”

அந்தப் பெண் பாராட்டித்தான் பேசியது. பாவம், அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அண்ணி சும்மா இருந்திருக்கலாம்.

“ஏன் இல்ல? நம்ம ஊட்லயே ஒண்ணு காலைல இருந்து கேன் ஷெட்டாண்ட ரோட்டப் பார்த்துக்கினு குந்திக்கினு கீது” என்று சிரித்தார். தட்டு ஆடி ஆரத்தித் தண்ணீர் சிந்தியது. செல்வியும் சிரித்துவிட்டாள். பாபுகூட.

அண்ணன் சிரிக்கவில்லை.

கஜேந்திரன் கிட்டே வந்தான். “மாமா, இது சரிப்படாது. நாளைக்குக் கூட்டம் மொத்தமும் இந்தத் தெரு வழியாத்தான் போவும். நந்திக்கு ஒண்ணும் தெரியலன்னு எழுதிக்கினு, கீழ நம்ம மூஞ்சிங்கள வரிசையா வெச்சிக்கினு... என் மூஞ்சியும் கீது மாமா அதுல. நான் சோத்துக் கரண்டி புடிச்சிக்கினு நிக்கணும்.”

“தயா” என்றார் அண்ணன். “சாமி பாட்டுன்னுதானே அனுப்பிச்சே?”

“நான் அப்படிச் சொல்லலைண்ணே.”

“இல்லன்னும் சொல்லலியேடா.”

அவர் சொன்னது சரி. எனக்கே அப்போதுதான் அந்த வரிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். “பாபு, கடைசி ரெண்டு பத்தி மேல வெள்ளப் பேப்பர் ஒட்டிடு. ராஜா, யானை, சந்தனம் மட்டும் இருக்கட்டும். நல்லாத்தான் கீது அது.”

“ஒட்டிடலாம் அண்ணாத்தே. ஒட்டறதுக்குக் கூலி மட்டும் தனி” என்றான் பாபு.

முல்லை பிளக்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். “வேணாம் பெரியப்பா” என்றாள். “அது பாதி ஆகாது. முழுசா இருக்கட்டும். இல்லைன்னா எடுத்துடுங்க. எனக்குக் கோபம் இல்ல.”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் பெரியப்பாவை மறுத்து எங்கள் வீட்டில் யாரும் அதுவரை பேசினதில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். “நீ சொல்லுடா. உன் பொண்ணுதானே.”

எட்டுப் பேரில் ஏழு பேர் என் வாயைப் பார்த்தார்கள். மூடச் சொல்வதா? இருக்கட்டும் என்பதா? சாமிக் குற்றம் ஆகிவிடுமா? அண்ணனுக்கு ஊரில் தலைகுனிவு ஆகுமே. மூடினால் இந்தப் பெண் இனிமேல் இந்தத் தெருவுக்குக் காலெடுத்து வைப்பாளா? எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோத, நான் சொன்னது இதுதான்:

“பெட்டியை இறக்கலாமா?”

அண்ணன் உள்ளே போய் இளநீர் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்தார். அவரே ஸ்டூல் போட்டு ஏறினார். ஒவ்வொரு கயிறாக வெட்டினார். முல்லையின் முகம் நெற்றியிலிருந்து மடிந்து விழுந்தது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, வெட்டின கயிற்று நுனியை, ஏதாவது கசிகிறதா என்று பார்த்தேன்.

5

மறுநாள் கோயிலுக்கு இரண்டு கூட்டமாகப் போனோம். அண்ணன் முன்னால் போய்விட்டார். நாங்கள் பின்னால். சந்தனம் களைந்த சாமியைப் பார்க்க வரிசை வெளியே வரைக்கும் வளைந்து நின்றது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் காயம் தெரியும். செல்வி வரிசையில் நின்றாள். நான் நின்றேன். முல்லையைக் காணவில்லை.

தேடிப் போனால் நந்தியின் முன்னால் நிற்கிறாள். எல்லாரும் அதன் முதுகுப் பக்கமாக சாமியைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்க, இவள் மட்டும் அதன் முகத்துக்கு நேராக.

“வா, வரிசை நகருது” என்றேன்.

“கழுத்துல மணி இருக்குப்பா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேன்.”

கோபமா, பக்தியா, வருத்தமா என்று அந்த முகத்தில் தேடினேன். மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தக் காளை யாரும்மா?” என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டும்விட்டேன்.

“நந்திப்பா” என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

ஊரில் இருந்த மீதி நாட்கள் அண்ணன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் நான் எழுந்துகொள்வதும், நான் உட்கார்ந்தால் அவர் ஷெட்டுக்குப் போவதுமாகக் கழிந்தது. கிளம்புகிற அன்று முல்லையின் தலையில் கைவைத்தார். என்னிடம், “பாஸ்போர்ட்டு எட்துக்கினியா?” என்றார். அவ்வளவுதான்.

6

திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிட்டது. நான் அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்று வாரம் ஜன்னல் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்கே நிற்பது என்று தெரியாமல் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரில் முல்லை எழுதிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்து, “இன்னிக்கு ஜன்னல் இல்லையாப்பா?” என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். குத்தலாக இல்லை. எனக்குத்தான் திரும்பி அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டியிருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இவள் என் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்! நான் ஊரைப் பார்க்கிறேன், ஊரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அது இவளுக்காகத்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, நான்தான் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொள்கிறேனோ? அவளுக்கு அது வெறும் கல் நந்தியாகவே இருக்கலாம். கவிதை எழுதுகிறவர்களிடம் அர்த்தம் கேட்டால் சொல்லமாட்டார்களாமே, நூலகத்து அம்மாள் சொன்னதாகச் செல்வி சொன்னாள். எனக்குத் தெளிவு பிறக்கவில்லை. இதை எழுதுகிறபோதும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மேஜையில்தான் உட்காருகிறேன். இருவருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை. அவள் எழுதுவாள், நான் வெங்காயம் உரிப்பேன்.

போன வாரம் அண்ணியே போன் செய்தார்.

“இன்னா தம்பி, உங்க அண்ணன் சாமிக்காகக் கோச்சிக்கினாருன்னு நென்சே? தம்பி பொண்ணு என்னப் பத்தி எழுதிட்ச்சின்னு சொல்றாரு. ஊட்டுக்கு முதுகக் காட்டிக்கினு ரோட்டப் பார்த்துக்கினு கீறது நான்தானேன்றாரு. நான் சிரிச்சது தப்பாப் பூட்ச்சி.”

“அவரைப் பத்தி இல்ல அண்ணி” என்றேன். என்னைப் பற்றி என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். அதுவும் நிச்சயமில்லையே.

“பேனர் என்ன ஆச்சு?”

“மழைக்கு ஷெட்டு ஒழுகுதுன்னு மேல கட்டிக்கீறாரு. படம் வெளிய தெரியற மாதிரி போட்டா ஊர் பார்க்கும்னு, உள்பக்கமா திருப்பிக் கட்டிக்கீறாரு. மத்தியானம் ஆனா அதுங்கீழ கட்ல போட்டு மல்லாந்து பட்த்துக்கினு அதையே பார்த்துக்கினு கீறாரு. வாய் முணுமுணுக்குது. கேட்டா கணக்கு போடறேன்றாரு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னமோவும் வந்தது.

“பாபுவுக்குப் பணம் கொடுத்தாச்சா?”

“அத்தக் கேளு! அவன் நாலு வாட்டி வந்துட்டான். உங்க அண்ணன் ஒரு பைசா தரல. ‘சித்திரைக்குப் புள்ள வரும்டா. அது பேனரு. அதுங்கையாலயே வாங்கிக்கோ’ன்னு சொல்லி அனுப்பிச்சிட்டாரு.”

போனை வைத்துவிட்டு இருவரிடமும் சொன்னேன். செல்வி உடனே போனை எடுத்தாள். “பாவம் அந்த ஆள், இப்பவே அனுப்பிடறேன். ஒரு நிமிஷ வேலை.” எங்கள் வீட்டில் மின்சாரக் கட்டணம் வந்த அன்றே கட்டப்படும். பாக்கி என்று ஒன்று இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அது அவளுக்கும் தெரியும்.

“வேணாம்” என்றேன்.

“ஏன்?” என்றாள் செல்வி.

முல்லை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அடுத்த சித்திரைன்னா எப்போப்பா?” என்று கேட்டாள்.

ஏப்ரல் என்றேன். அப்போது பரீட்சை ஏதாவது இருக்குமா, அந்த அட்டை அதுவரை செல்லுமா, பாபு அதுவரை பொறுப்பானா என்று உள்ளே ஒவ்வொன்றாகக் கவலை கிளம்பிக்கொண்டிருந்தது. இருந்தும் செல்வியின் கையிலிருந்த போனை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

பிளக்ஸ் கடை பாபுவுக்குத் தர வேண்டிய பாக்கி: ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.